டச்சிங் கம்ப்யூட்டர் வாங்கிய வரலாறு

பெரிய மனிதர்களின் வரலாற்றை எழுதுபவர்கள், அவர்கள் பிறந்த அன்று மழை கொட்டியது, மின்னல் வெட்டியது என்று ஆரம்பிப்பார்கள். டச்சிங் பிறந்த அன்று வானம் எப்படி இருந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. பெற்றோர் வைத்த பெயரையே ஊர் கவனிக்காதபோது வானத்தை யார் கவனிக்கப்போகிறார்கள்?

போட்டோவில் முகப்பரு எடுப்பது, மூடிய கண்ணைத் திறப்பது, இரட்டைத் தாடையை ஒற்றையாக்குவது ஆகிய வேலைகளுக்கு ஸ்டுடியோக்களில் டச்சிங் என்று பெயர். பத்தொன்பது வருடம் அதையே செய்ததில் வேலையின் பெயர் ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர்கூட "டச்சிங் வீடு எது?" என்று கேட்டுத்தான் வருவார்.

அவர் செய்த சாதனைகள் கொஞ்சநஞ்சமல்ல. வழுக்கைத் தலையர்களுக்கு முடி கொடுத்திருக்கிறார். மனைவிக்குச் சந்தேகம் வராத அளவுக்கு மட்டும். சண்டை போட்டுக்கொண்டு போன மருமகனைக் குடும்பப் படத்திலிருந்து தடயமில்லாமல் எடுத்திருக்கிறார். சமாதானமான பிறகு அதே மருமகனை அதே நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார், இரண்டாவது முறை சற்று ஒல்லியாக. இத்தனைக்கும் படத்தின் கீழ் ஓரத்தில் தங்க எழுத்தில் வருவது ஸ்டுடியோ முதலாளியின் பெயர். படம் எடுத்ததும் முதலாளி இல்லை, திருத்தியதும் முதலாளி இல்லை. ஆனால் தங்க எழுத்துக்கான மை அவருடையது.

டச்சிங்கின் தொழிற்கூடம் அவர் வீட்டின் முன்னறையில் ஒரு மூலை. அதே அறையின் எதிர் மூலை மனைவியின் தையல் மெஷின். இருவரும் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து பத்தொன்பது வருடமாகக் குடும்பம் நடத்திவந்தார்கள். இரண்டு மூலைக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மனைவி இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். அதனால் அந்த வீட்டில் கேட்கும் முதல் குரல் பெரும்பாலும், "ஏங்க, சேவ் பண்ணிட்டீங்களா? அயர்ன் பாக்ஸ் போடப்போறேன்" என்பதாக இருக்கும்.

சேவ் பண்ணுவது சாதாரண விஷயமில்லை. அந்தக் கம்ப்யூட்டர் ஒரு படத்தைச் சேவ் பண்ணும் நேரத்தில் மனைவி ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடித்துவிடுவார். படம் பெரிதாக இருந்தால் கையும் வைத்துவிடுவார்.

கம்ப்யூட்டரை விட முக்கியமானது அதன் திரை. அது பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு முதலாளி கொடுத்த அன்பளிப்பு. ஸ்டுடியோ கவுண்டருக்குப் புதுத் திரை வாங்கியதும், "பழசைத் தூக்கிப் போட மனசு வரல, நீ வச்சுக்கோ" என்று கொடுத்தார். அந்தத் திரையில் எல்லாம் கொஞ்சம் பச்சையாகத் தெரியும். ரோஜாப்பூ வாடியதுபோல் இருக்கும். ஆரோக்கியமான மனிதர் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்போல் இருப்பார். ஆனால் ஸ்டுடியோவின் பிரிண்ட் மெஷின் இதற்கு நேர்மாறு. அதில் எதைப் போட்டாலும் கொஞ்சம் சிவப்பைத் தூக்கிக் காட்டும். ஆகவே திரையில் முகம் நோயாளி மாதிரி வெளிறித் தெரியும்வரை சிவப்பைக் குறைத்துவிட்டால், அச்சில் அந்த முகம் நல்ல ரத்த ஓட்டத்துடன் வெளியே வரும்.

இந்தக் கணக்கை டச்சிங் எங்கும் எழுதி வைக்கவில்லை. அது கணக்கு என்பதே ஒரு கட்டத்தில் அவருக்கு மறந்துபோனது. திரையில் எப்போது ஒரு முகம் சரியான அளவுக்கு நோயாளி ஆகிறது என்று கை தானாகவே சொல்லும். யாராவது திரையை எட்டிப் பார்த்து, "என்னங்க, இப்படி இருக்கே?" என்று கேட்டால் அவரிடம் எப்போதும் ஒரே பதில்தான்.

"அச்சுல சரியா வரும்."

சரியாகத்தான் வரும். "உன் கண்ணு கண்ணுடா" என்று முதலாளி தட்டிக்கொடுப்பார். பத்தொன்பது வருடத்தில் முதலாளி தாராளமாகக் கொடுத்தது அது ஒன்றுதான்.

இப்படி ஒழுங்காகக் கெட்டுக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் கடைக்காரம்மா குறுக்கிட்டார்.

கடைக்காரம்மா பெரிய துணிக்கடைக்குச் சொந்தக்காரர். ஸ்டுடியோவில் எடுத்த தன் குடும்பப் படத்தைப் பார்த்துவிட்டு, கவுண்டரில் இருந்த பெண்ணிடம், "இதை யாரும்மா செஞ்சது?" என்று கேட்டிருக்கிறார். கவுண்டர் பெண் வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்லக்கூடாது என்று இன்னும் யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. விலாசத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

மறுநாளே கடைக்காரம்மா டச்சிங்கின் முன்னறைக்கு வந்து, தையல் மெஷினுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி, நாங்க துணியெல்லாம் இனிமே இணையத்துல விக்கப்போறோம். படம் எடுக்க ஆள் வச்சாச்சு. மாடல் பொண்ணுங்க உடுத்தி நிக்கிற படம். அதைத் திருத்தித் தரணும். முதல்ல அறுபது படம், ரெண்டு வாரத்துல. நல்லா வந்தா வருஷம் பூரா வேலை உங்களுக்குத்தான். நடுவுல யாரும் வேணாம்."

'நடுவுல யாரும் வேணாம்' என்ற மூன்று சொற்களை டச்சிங் அதற்குமுன் வாழ்க்கையில் கேட்டதில்லை. அவர் வாழ்க்கையே நடுவில் ஒருவர் இருப்பதால் ஓடியது. ஸ்டுடியோ முதலாளி பிடியிலிருந்து வெளியே வர இதுதான் வாசல், இது சாத்திக்கொண்டால் இன்னொன்று திறக்காது என்று அவருக்கு அந்த நிமிடமே தெரிந்தது.

கடைக்காரம்மா கிளம்பும்போது ஒரு துணிப்பையை நீட்டினார். அதில் அறுபது துணிகளின் துண்டுகள், ஒவ்வொன்றிலும் படத்தின் எண் எழுதிய சீட்டு.

"கலர் ஒத்துப் பார்க்க வச்சுக்கங்க."

"எனக்கு எதுக்கும்மா? கண்ணு இருக்கே" என்று சிரித்தார் டச்சிங். மரியாதைக்காக வாங்கி, ஸ்டெபிலைசருக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார்.

கடைக்காரம்மா போனதும் மனைவி திரும்பிப் பார்த்தார். "ஏங்க, நான் ஒரு ஊக்கு வைக்கிறதுக்குக்கூட நூலைத் துணி மேல வச்சுப் பார்த்துட்டுத்தான் எடுப்பேன். லைட்டுக்குக் கீழ ஒரு கலர், வாசல்ல ஒரு கலர் காட்டும். பையைப் பிரிச்சுப் பக்கத்துல வச்சுக்கங்களேன்."

"அது தையல்காரங்களுக்கு. இது வேற."

"எது வேற? கலர் கலர்தானே?"

"நீ நூலைப் பாரு."

இந்த உரையாடலை வரலாற்று மாணவர்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அறுபது பெரிய படங்களைப் பழைய கம்ப்யூட்டரில் இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டுமென்றால், அந்த இரண்டு வாரத்தில் மனைவி ஒரு ரெடிமேட் தொழிற்சாலை அளவுக்குக் காலர் வைத்துவிடுவார். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியே ஆக வேண்டும். இரண்டாவது தையல் மெஷின் வாங்க மனைவி எடுத்து வைத்திருந்த பணம் இருந்தது. அவர் அதைக் கொடுத்தார். சந்தோஷமாகக் கொடுத்தாரா என்று கேட்காதீர்கள். கொடுத்தார்.

ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கப்போகிறார்கள் என்ற செய்தி வெளியே போனால் முதலில் வருவது மச்சான். டச்சிங்கின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, மொபைல் கடையில் கவர் மாட்டுபவர். வேலை நேரம் முழுவதும் கம்ப்யூட்டர் பற்றிய வீடியோ பார்ப்பதால் அந்தத் துறையில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவரே சொல்வார்.

"மாமா, கிராபிக்ஸ் கார்டு பெருசா போடுங்க. அதான் உயிர்நாடி. பெட்டில நாலு ஃபேன், நாலுலயும் லைட்டு. லைட்டு எரியாத பெட்டி பெட்டியே இல்ல."

"போட்டோ திருத்த எதுக்கு மச்சான் ஃபேன்ல லைட்டு?"

"அது ஒரு கெத்து மாமா. உள்ள தண்ணி ஓடுற மாதிரி ஒண்ணு இருக்கு, அதையும் போட்டுட்டா..."

"டேய்" என்றார் மனைவி, வாயில் இருந்த குண்டூசிகளுக்கு இடையிலிருந்து. "உனக்கு கேம் விளையாட என் தையல் மெஷின்தான் கிடைச்சுதா?"

"அக்கா, நான் போட்டோவுக்குத்தான் சொல்றேன்!"

"நீ கார்டைப் போடச் சொல்ற அவசரத்தைப் பார்த்தா போட்டோ மாதிரி தெரியலையே."

மச்சான் அடுத்த பத்து நிமிடம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் டச்சிங் உயர்ந்து நிற்கிறார். இந்த மாதிரி நேரத்தில் மச்சான் பேச்சைக் கேட்டு மோசம் போனவர்கள் உலகமெங்கும் கோடி. டச்சிங் கேட்கவில்லை. நூற்றிருபது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். மூன்று நாள் படித்தார், விசாரித்தார், எழுதினார். போட்டோ வேலைக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை, சாதாரணமானது போதும். மெமரி தாராளமாக வேண்டும், இல்லையென்றால் நாலு படம் திறந்ததும் மூச்சு வாங்கும். டிஸ்க் சுழலும் வகையாக இருக்கக்கூடாது. சிப்பில் எழுதும் எஸ்.எஸ்.டி. வேண்டும், அப்போதுதான் சேவ் பண்ணுவது கண் சிமிட்டும் நேரத்தில் முடியும். பிராசசர் நடுத்தரத்துக்கு மேலே ஒரு படி. மிச்சம் பிடித்த பணத்தையெல்லாம் திரையில் போட வேண்டும். ஏனென்றால் போட்டோக்காரனுக்குத் திரைதான் எல்லாம்.

ஒவ்வொரு வரியும் சரி. நிபுணர்கள் வந்து திருத்தினாலும் ஒரு புள்ளி மாற்ற முடியாது. சரியான பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுத்து அழிந்துபோன ஒரே மனிதர் என்ற பெருமை டச்சிங்குக்கு உண்டு.

மச்சானையும் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனபோது விற்பனையாளர் முதலில் மச்சானைப் பார்த்துத்தான் பேசினார். அவர் போட்டிருந்த டீ-ஷர்ட்டில் கம்ப்யூட்டர் படம் இருந்தது.

"சார், எடிட்டிங்குக்கா? இந்தாங்க, இது பாருங்க. ஃபேன்ல பதினாறு கலர் மாறும்."

"எனக்கு ஒரு கலரும் மாறக்கூடாது" என்றார் டச்சிங்.

விற்பனையாளர் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார். நோட்டைப் பார்த்தார். நோட்டோடு வருகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். உள்ளே போய், ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

"அப்ப இதுதான் சார் உங்களுக்கு. கம்பெனியிலேயே கலர் அளந்து செட் பண்ணி அனுப்பறான். உள்ள ஒரு பேப்பர் இருக்கும், இந்த ஸ்க்ரீன் இவ்வளவு கரெக்ட்னு அளவு போட்டு. இது பொய்யே சொல்லாது. உள்ளதை உள்ளபடி காட்டும்."

"அதான் வேணும்" என்றார் டச்சிங்.

அவருக்கு அது வேண்டாம் என்பது அந்தக் கடையில் இருந்த யாருக்கும் தெரியாது. அவருக்கும்தான்.

பெட்டி வீட்டுக்கு வந்தது. டச்சிங் அந்த அளவுப் பேப்பரை எடுத்துப்போய் லேமினேட் பண்ணிக்கொண்டு வந்து, திரைக்கு மேலே சுவரில் ஒட்டினார். அவருடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை. பழைய கம்ப்யூட்டரையும் திரையையும் துணி போட்டு மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கூடவே ஸ்டுடியோவுக்குப் போன் போட்டு, "முதலாளி, ரெண்டு வாரம் எனக்கு லீவு" என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் லீவு கேட்பது அதுதான் முதல் முறை. முதலாளி, "உடம்புக்கு என்னடா?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னபோது டச்சிங்கின் முதுகு நாற்காலியில் சாயாமல் நேராக இருந்ததாக மனைவி பிற்பாடு சொன்னார்.

முதல் படத்தைத் திறந்தார். மாதுளை நிறத் துணி உடுத்திய பெண். பார்த்ததும் டச்சிங் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"அடப்பாவி! எவ்வளவு சிவப்பு!"

அவர் நியாயமாகத்தான் யோசித்தார். திரை தப்பாக இருக்க முடியாது. சுவரில் பேப்பர் இருக்கிறது. தன் கண் தப்பாக இருக்க முடியாது. பத்தொன்பது வருடமாக முதலாளியே ஒப்புக்கொண்ட கண். மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

"போட்டோகிராபர் சிவப்பா எடுத்துத் தொலைச்சிருக்கான். இதுக்குத்தான் அந்தம்மா என்னைத் தேடி வந்திருக்காங்க."

சிவப்பைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். கை சொல்லும்வரை குறைத்தார். அந்தப் பெண் பழக்கமான அளவுக்கு நோயாளியானதும் கை நின்றது. சேவ் போட்டார். எதிர் மூலையில் மனைவி ஊசியில் நூல் கோப்பதற்குள் சேவ் ஆகிவிட்டது. டச்சிங்குக்குக் கண் கலங்கியது.

அடுத்த படம். அதிலும் சிவப்பு. அதற்கடுத்ததிலும். போட்டோகிராபரைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் காப்பாற்றிக்கொண்டு போனார். புது மெஷின் ஓடிய ஓட்டத்தில், இரண்டு வாரம் கேட்ட வேலை ஒன்பது நாளில் முடிந்தது. பழைய கம்ப்யூட்டராக இருந்திருந்தால் இந்தத் தவறை இவ்வளவு சீக்கிரம் செய்திருக்கவே முடியாது.

நடுவில் ஒரு நாள் மனைவி டீ கொண்டுவந்து வைத்தபோது திரையைப் பார்த்தார்.

"ஏங்க, இந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?"

"அச்சுல சரியா வரும்."

மனைவி டம்ளரை வைத்த கையை எடுக்கவில்லை. "இது அச்சுக்கே போகாதுன்னாங்களே அந்தம்மா? இணையத்துலதானே போடுறாங்க?"

டச்சிங் ஒரு நிமிடம் பேசவில்லை. ஒரு மனிதனின் தலையெழுத்து மாறுவதற்கு ஒரு நிமிடம் தாராளமாகப் போதும். ஆணியில் பை தொங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் எட்டும்.

"எல்லாம் ஒண்ணுதான். நீ போய் உன் வேலையைப் பாரு" என்றார்.

அறுபது படமும் போய்ச் சேர்ந்தது. கடைக்காரம்மா வெளியூர்ப் பயணத்தில் இருந்தார். கடையில் இருந்தவர்கள் படங்களை அப்படியே இணையத்தில் ஏற்றினார்கள். ஒரு வாரம் நல்ல செய்திக்காகக் காத்திருந்தார் டச்சிங். அந்த வாரத்தில் விசிட்டிங் கார்டு ஒன்றுக்கு மாதிரி போட்டுப் பார்த்தார். அதில் தன் உண்மையான பெயரை எழுதினார். அதைப் பார்த்த மச்சான், "மாமா, இது யாரு?" என்று கேட்டார்.

எட்டாம் நாள் கடைக்காரம்மா கூப்பிட்டனுப்பினார்.

கடையின் மேல்மாடி அறையில் மேஜை மேலே ஏழெட்டுத் துணிப் பொட்டலங்கள் பிரித்தபடி கிடந்தன. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பியவை. கடைக்காரம்மா தன் போனை அவர் பக்கம் திருப்பினார்.

"இது என்ன கலர் தம்பி?"

டச்சிங் பார்த்தார். அந்தப் பெண் மஞ்சள் காமாலையில் மூன்றாவது வாரத்தில் இருப்பவள்போல் இருந்தாள். அவள் உடுத்தியிருந்தது மழையில் ஊறிய செங்கல்.

"உங்க போன்ல கலர் தப்பா காட்டுதும்மா."

கடைக்காரம்மா மருமகளின் போனை வாங்கி வைத்தார். பிறகு கணக்கரின் போனை. மூன்றிலும் அதே செங்கல்.

"மூணும் தப்பா?"

"சில சமயம்..."

"வாட்ச்மேன் போன் இருக்கு. கொண்டுவரச் சொல்லட்டுமா?"

டச்சிங் வேண்டாம் என்று தலையாட்டினார். கடைக்காரம்மா பொட்டலத்திலிருந்து துணியை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் போட்டார். மாதுளையை உடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"செங்கல் கலர்னு ஆசைப்பட்டு வாங்கினவங்களுக்கு இது போயிருக்கு. இதுக்கு ஆசைப்பட்டவங்க வாங்கவே இல்ல. போட்டோகிராபர் கொடுத்த படத்தை இன்னைக்குத்தான் பார்த்தேன். இதோ." அவர் இன்னொரு படத்தைத் திறந்தார். மாதுளை மாதுளையாக இருந்தது. "இதை அப்படியே போட்டிருக்கலாம். நீங்க கையே வைக்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் தம்பி."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் டச்சிங் பதில் பேசியிருப்பார்.

வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, திரைக்கு மேலே இருந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். எழுந்து வந்து ஆணியிலிருந்த பையை எடுத்தார். சீட்டுகளைப் பார்த்துத் துண்டுகளைத் தரையில் வரிசையாக அடுக்கினார். முதல் துண்டை எடுத்துத் திரையின் ஓரத்தில் ஒட்டிப் பிடித்தார்.

"சிவப்பைக் கூட்டுங்க."

கூட்டினார்.

"இன்னும்."

"இதுக்கு மேல போனா ரத்தம் மாதிரி ஆயிடும்டி!"

"துணியைப் பாருங்க, என் மூஞ்சியைப் பார்க்காதீங்க. இன்னும் கொஞ்சம். போதும். லேசா நீலம்."

இரண்டு மூலைகளில் முதுகைத் திருப்பிக்கொண்டு பத்தொன்பது வருடம் வாழ்ந்தவர்கள் முதல் முறையாக ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் பதினெட்டுப் படம் முடிந்தது. ஒவ்வொன்றிலும் துணி எது, படம் எது என்று தெரியாத அளவுக்கு. டச்சிங்கின் கை ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கம் இழுத்தது. ஒவ்வொரு முறையும் அவருக்குத் தப்பாகத் தெரிந்ததுதான் சரியாக இருந்தது. மனைவிக்குக் கண் என்று எதுவும் கிடையாது. அவர் பார்த்ததைப் பார்த்தார், அவ்வளவுதான்.

மறுநாள் காலையே அந்தப் பதினெட்டையும் எடுத்துக்கொண்டு டச்சிங் கடைக்காரம்மாவிடம் ஓடினார். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேஜையில் கிடந்த துணிகளோடு வைத்துப் பார்த்தார்.

"இதை முதல்லயே தந்திருக்கலாமே தம்பி! இப்ப எப்படி வந்துது?"

டச்சிங் பொய் சொல்லியிருக்கலாம். உள்ளதை உள்ளபடி காட்டும் திரையோடு பழகிய தோஷம், உண்மையைச் சொல்லிவிட்டார். "என் சம்சாரம்மா. துணியைப் பக்கத்துல வச்சுச் சொன்னா. நான் மவுசைத்தான் ஆட்டினேன்."

கடைக்காரம்மா படங்களை மறுபடியும் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நேத்து நீங்க போனதும் உங்க முதலாளியைக் கூப்பிட்டுப் பேசிட்டேன் தம்பி. வருஷ வேலையை அவருகிட்டயே கொடுத்துட்டேன்."

அன்று மாலை, பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, ஸ்டுடியோ முதலாளி டச்சிங்கின் வீட்டுக்கு வந்தார். கடைக்காரம்மா உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். புதுக் கம்ப்யூட்டரைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் இருந்த பேப்பரைப் படித்தார். கோபப்படவில்லை. அவர் முகத்தில் இருந்தது, பழைய சட்டைப் பாக்கெட்டில் மறந்துபோன ரூபாய் நோட்டைக் கண்டெடுத்தவனின் சந்தோஷம்.

"நல்ல மெஷின் எடுத்திருக்கடா. நானா இருந்தா லைட்டு எரியறதை வாங்கியிருப்பேன்."

டச்சிங் கேட்டார். "முதலாளி, நம்ம பிரிண்ட் மெஷின் சிவப்பைத் தள்ளுது. உங்களுக்குத் தெரியுமா?"

"வாங்கின வருஷமே தெரியும்."

"சரி பண்ணியிருக்கலாமே?"

"எதுக்கு? நீதான் இருந்தியே. சர்வீஸ்காரன் வந்து ஒரு தடவை கேட்டான். நான்தான் வேணாம்னு சொன்னேன். நீ கொடுக்கிறது நல்லா வருது, கை வைக்காதேன்னேன்." முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார். "நீ என் மெஷினுக்கு வாக்கப்பட்டவன்டா. வேற எங்க போனாலும் குப்பை கொட்ட முடியாது."

முதலாளி மனைவியின் பக்கம் திரும்பினார். குரல் மரியாதைக்கு மாறியது.

"அம்மா, அந்தக் கடைக்காரம்மா உங்களைப் பத்தித்தான் பேசுனாங்க. துணி வேலை வருஷம் பூரா இருக்கு. இந்தக் கம்ப்யூட்டரை ஸ்டுடியோவுல வச்சுக்கறேன், வாடகை தர்றேன். நீங்க வந்து உட்காருங்க, சம்பளம் தர்றேன். மவுசு ஆட்ட அந்தக் கவுண்டர் பொண்ணு கத்துக்கும்."

"எனக்கு கம்ப்யூட்டர் தெரியாதுங்களே."

"அதான்மா வேணும். தெரிஞ்சவங்க கெடுத்துடுவாங்க."

டச்சிங் மெதுவாகக் கேட்டார். "நான் வரேனே முதலாளி. துணியைப் பக்கத்துல வச்சே செய்யறேன். கத்துக்கறேன்."

"நீ அதுல ஆறு மாசம் உட்கார்ந்தா உன் கண்ணு மாறிடும். அப்புறம் என் மெஷினுக்கு யாரு முகம் போடுவா? இதுக்கும் ஆகாம அதுக்கும் ஆகாம நிப்ப. உன் நல்லதுக்குத்தான்டா சொல்றேன்." எழுந்துகொண்டே கேட்டார். "அந்தப் பழைய ஸ்க்ரீனைத் தூக்கிப் போட்டுடலையே?"

கட்டிலுக்கு அடியில் இருந்தது.

முதலாளி போன பிறகு மனைவி வெகுநேரம் தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க வேணாம்னா போகல" என்றார். அவர் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார். டச்சிங் அந்த இரண்டாவது மெஷினுக்கான பணத்தை நினைத்தார். விசிட்டிங் கார்டு மாதிரியை நினைத்தார். "போயிட்டு வா" என்றார்.

இன்றைக்கு நிலவரம் இதுதான். துணிக்கடையின் படங்கள் இணையத்தில் அசல் நிறத்தில் வருகின்றன. படத்தின் கீழ் ஓரத்தில் தங்க எழுத்தில் முதலாளியின் பெயர் வருகிறது. புதுக் கம்ப்யூட்டரோடு லேமினேட் செய்த பேப்பரும் ஸ்டுடியோவுக்கு இடம் மாறிவிட்டது. மனைவி காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். இஸ்திரிப் பெட்டி போடுவதற்கு இப்போது வீட்டில் ஆளில்லாததால் டச்சிங்கின் பழைய கம்ப்யூட்டர் நடுவில் அணைவதில்லை. தொந்தரவில்லாமல் வேலை செய்ய முடிகிறது.

போன வாரம் ஸ்டுடியோ ஊழியர்களுக்கு அடையாள அட்டை போட்டார்கள். ஐந்து படங்கள் டச்சிங்கிடம் வந்தன. நாலாவது மனைவியுடையது. பழைய திரையில் அவர் அதைத் திறந்து, கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை எடுத்தார், நெற்றியில் கலைந்த முடியை ஒதுக்கினார். சிவப்பைக் குறைத்தார். கை சொல்லும்வரை குறைத்தார்.

வேலை முடிந்து வந்த மனைவி, செருப்பைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார். இப்போதெல்லாம் நாள் பூராவும் உண்மையான நிறங்களையே பார்த்துப் பழகிய கண்.

"நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்டார்.

"அச்சுல சரியா வரும்" என்றார் டச்சிங், திரும்பாமல்.

அச்சில் சரியாகத்தான் வந்தது.